தோட்டப்புறப் பிள்ளைகளிடம் அறிவியல் பேச வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராயைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அத்தோட்டங்களில் உழைத்தவர்களும், அவர்களுக்குப் பிள்ளைகளாகப் பிறந்து குலிம் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களும், தங்கள் அன்றாட வாழ்வில் அறிவியலும் தொழில்நுட்பமும் எங்கெங்கே நுழைந்திருக்கின்றன என்பதை மாணவர்களிடம் நேரில் எடுத்துச் சொல்லும் ஒரு சிறு முயற்சியை நாங்கள் சிலர் நடத்தி வருகிறோம். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலையில் கூடுகிறோம். வழிகாட்டியாக வாருங்கள் என்று அழைக்கும்போதெல்லாம் ஒரே விதமான ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளையும் தந்திருக்கிறேன்.

இது டியூஷனா சார்? நாங்கள் பாடம் நடத்த வேண்டுமா?

பாடம் நடத்த வேண்டாம். அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வந்து 40 நிமிடம் தம்முடைய ஒரு நாளைப் பற்றிப் பேசுவார். பிறகு பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ்ப்பள்ளியின் 4, 5, 6ஆம் ஆண்டு மாணவர்களும் இடைநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் வருகிறார்கள். ஊதியம் கிடையாது, காலைப் பசியாறல் உண்டு.

நான் பால்மரம் வெட்டியவள். எனக்கு என்ன விஞ்ஞானம் தெரியுமென்று என்னைக் கூப்பிடுகிறீர்கள்?

அம்மா, உங்களுக்குத் தெரியும். அதன் பெயர் மட்டும் உங்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை. விடியுமுன் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுக்கப் போனீர்கள். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்று மூத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இலைகள் நீரை ஆவியாக வெளிவிடத் தொடங்குவதற்கு முன்னர் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கிறது, அந்த அழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது, வெயிலேற ஏற அது குறைந்துபோகிறது. பட்டையில் சீவும் கோட்டை இடப்புறம் உயர்த்தி வலப்புறம் தாழ்த்தி வெட்டினீர்கள். பாற்குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாகச் செல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், அவ்வாறு வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் கங்காணி ஏசினார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்திசு காயப்பட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது.

1877இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் நாற்றுகள் வந்தன. அவற்றில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் ஒரே கோட்டை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை, 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி ஆராய்ந்து வகுத்தார். அவர் ஆராய்ந்து எழுதியதை உங்கள் கை பல்லாயிரம் மரங்களில் செய்து பார்த்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் பட்டையை மிச்சம் வைத்து, இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் சீவுவதை எந்தப் பாடநூலும் உங்களைப்போல் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. அந்த விளக்கைப் பற்றியும் சொல்லுங்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டும்போது அசெட்டிலின் வாயு உண்டாகி எரிந்தது; அந்த வாடையை நினைவு வைத்திருப்பவர்கள் நம்மூரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சரி, வருகிறேன். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? பேச வேண்டும் என்றால் எனக்கு எல்லாம் மறந்துபோகும்.

உங்கள் வேலையில் நீங்கள் அளந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வழிகாட்டிகளிடமும் நான் வற்புறுத்திக் கேட்பது இது ஒன்றையே. ஓட்டுநர் டயரின் காற்றழுத்தத்தை அளக்கிறார், தாதி இரத்த அழுத்தத்தை அளக்கிறார், தையல்காரர் துணியை அளக்கிறார். எதை அளந்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், அளவு தவறினால் என்ன ஆயிற்று என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னாலே 40 நிமிடம் போதாது.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. என் தகப்பனார் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் வரிசையில் நிற்பார். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், கொஞ்சம் பாலில் தண்ணீர் கலந்து, அதில் மெட்ரோலாக் எனப்படும் கண்ணாடி மிதவையை இறக்கி, ஓர் எண்ணைப் படிப்பார். பாலின் எடையையும் அந்த எண்ணையும் கொண்டு உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்டே கூலி எழுதப்பட்டது. மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். ரப்பரின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழமாக இறங்கும், நீர்த்த பாலில் உயர்ந்து நிற்கும். இவ்வளவுதான் செய்தி. என் தகப்பனாருக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் எண் குறைவாக இருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று விடை வந்தது. அன்று படித்த எண் சரியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் தம்முடைய கூலியைத் தீர்மானித்த கருவியைத் தாமே படிக்க இயலாமல் அவர் முப்பது ஆண்டுகள் அந்த வரிசையில் நின்றார். இந்தப் பிள்ளைகள் அப்படி நிற்கக்கூடாது என்பதற்காகவே இந்தச் சனிக்கிழமைகளை நடத்துகிறேன்.

எஸ்.பி.எம். தேர்வில் அறிவியலில் தோற்றவன் நான். பிள்ளைகள் கேட்டால் வெட்கமாக இருக்காதா?

கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எங்களிடம் பேசிய குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் ஒருவரும் அப்படித் தோற்றவரே. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தவர், இன்று அதைக் கொண்டே குடும்பத்தை நடத்துகிறார். கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவச் சொல்லி, குளிர்ச்சியை உணரவைத்து, உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் நடப்பதும் இதுதான் என்று அவர் சொன்னபோது, வகுப்பில் பேசாத பிள்ளைகளும் கையை நீட்டினார்கள்.

தமிழில் பேசவா, மலாயில் பேசவா? இடைநிலைப் பள்ளிக்குப் போனால் எல்லாம் மலாய்தானே?

தமிழில் பேசுங்கள். ஆனால் முக்கியமான சொற்களை இரு மொழியிலும் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் அடர்த்தி, விசை, ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளை, படிவம் 1இல் கெத்தும்பாத்தான், டாயா, போத்தோசிந்தேசிஸ் என்று கேட்கும்போது, தனக்குத் தெரிந்த பொருளையே தெரியாத பொருளாக எண்ணிக்கொள்கிறது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுச் செல்வதும் உண்டு. அந்த ஓராண்டில் அறிவியலின் மீதுள்ள ஆர்வம் தணிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு அறிவு குறைந்துவிடவில்லை, சொல் மாறியிருக்கிறது. மிதவையைக் காட்டி, இதைத்தான் தமிழில் அடர்த்தி என்கிறோம், நாளை ஆசிரியர் கெத்தும்பாத்தான் என்பார், இரண்டும் ஒன்றே என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் தொழிற்சாலையில் ஆங்கிலச் சொல்லே புழங்குமானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தூய்மையான தமிழில் பேச வேண்டுமே என்று அஞ்சி வராமல் இருந்துவிடாதீர்கள்.

வேலைக்குப் பயன்படுத்தும் பொருள்களைக் கொண்டு வந்து காட்டலாமா?

கட்டாயம் கொண்டு வாருங்கள், ஆனால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வெட்டுக்கத்தியை உறையோடு கொண்டு வந்து, நீங்களே கையில் வைத்துக் காட்ட வேண்டும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தையும், உறையாமல் வைத்திருக்கும் அம்மோனியாவையும் கொண்டு வர வேண்டாம். தோலையும் கண்ணையும் அவை சுடும். அதற்குப் பதிலாகச் சூடான பசும்பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியச் செய்து காட்டலாம். துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைத்திருக்கும் மின்னேற்றத்தை அமிலம் நீக்கிவிடுவதால் அவை கூடிக் கட்டியாகின்றன. பசும்பாலிலும் மரத்துப் பாலிலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றே.

மெட்ரோலாக் கிடைக்காதவர்கள், உறிஞ்சுகுழலின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து மிதவை செய்துகொள்ளலாம். வெறும் நீரிலும் உப்பு நீரிலும் மாறி மாறி மிதக்கவிட்டு, பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். தாமே போட்ட கோட்டைப் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

நான் குலிம் பேக்டரியில் வேலை. உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் எதைச் சொல்வது?

அந்தக் கையெழுத்தை மதியுங்கள். படங்களோ, இயந்திரங்களின் விவரங்களோ, வாடிக்கையாளரின் பெயரோ வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த பொது அறிவியலே போதுமான அளவு இருக்கிறது. குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது; அங்கே வேலைக்குப் போகும் பேருந்துகளை இப்பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

தலை முதல் கால் வரை மூடிய உடையை ஏன் அணிகிறோம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தூசியிலிருந்து நம்மைக் காப்பாற்ற என்று சொல்வார்கள். நம்மிடமிருந்து, அங்கே செய்யப்படும் மின்னணுச் சில்லுகளைக் காப்பாற்றவே அந்த உடை என்று நீங்கள் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பாருங்கள். நம் தோலும் முடியும் ஓயாமல் நுண்துகள்களை உதிர்க்கின்றன. மிக நுண்ணிய கோடுகளை வரையும் இடத்தில் ஒரு துகள் விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். சில அறைகளில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிவதற்கும் காரணம் உண்டு. சிலிக்கான் தகட்டின்மீது பூசப்படும் ஒளியுணர் பூச்சு நீல ஒளிக்கும் புற ஊதாக் கதிருக்கும் மாற்றமடையும். மஞ்சள் ஒளி அதைத் தொடுவதில்லை.

எனக்கு வேலையே இல்லை. வீட்டில் இருக்கிறேன், இனிப்புநீர் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது?

தினமும் காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதிக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தாளின் நுனியில் ஒரு நொதி இருக்கிறது. அது இரத்தத்திலுள்ள சர்க்கரையோடு வினைபுரியும்போது நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. முதல் நாள் இரவு சாப்பிட்டதையும் மறுநாள் காலை எண்ணையும் ஒரு வாரம் எழுதிக் கொண்டு வந்து காட்டினீர்கள் என்றால், தரவு என்ற சொல்லை விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களும் வந்து பேசியிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் தம் இரத்தமும் மறுபக்கம் சுத்திகரிப்புத் திரவமும் ஓடுவதை ஒருவர் பலகையில் வரைந்து காட்டினார். நம் சமூகத்தில் இனிப்புநீர் இல்லாத குடும்பம் அரிது. தாத்தாவுக்கு நடப்பது என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிவது அச்சத்தைக் கூட்டவில்லை, குறைத்தது.

பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மானம் போய்விடாதா?

தெரியாது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1998இன் பிற்பகுதியில் பன்றிப் பண்ணைகள் இருந்த ஊர்களில் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்களாக இருந்தது அந்த முடிவோடு பொருந்தவில்லை. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் என்ற மருத்துவர் ஒரு புதிய வைரஸைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பொருந்தாததை ஒருவர் மூடி மறைக்காமல் பார்த்ததால்தான் காரணம் தெரிந்தது.

அம்மை கண்டால் வேப்பிலை வைப்போம், மாரியம்மனை வேண்டுவோம். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டாம். ஒரு குடும்பத்தின் வேண்டுதலை இழித்துப் பேச எவருக்கும் இங்கே இடம் தருவதில்லை. நோயாளியைத் தனியறையில் வைப்பதும், வீட்டுக்கு ஆள் வராமல் பார்த்துக்கொள்வதும் தொற்றைத் தடுக்கும் நல்ல வழக்கங்கள் என்பதைச் சொல்லலாம். முன்னர் கொன்று குவித்த பெரியம்மை, தடுப்பூசியால் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததையும் சொல்ல வேண்டும்.

இரண்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்றோ, தடுப்பூசி வேண்டாம் என்றோ யாரும் பேசக்கூடாது. சின்னம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பதையும் பெற்றோருக்குத் தெரியப்படுத்துங்கள். அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஓர் அரிய நோயோடு தொடர்புடையது.

விஞ்ஞானம், தொழில்நுட்பம் என்று புகழ்கிறீர்கள். நம் ஆட்களுக்கு மருந்தடித்தே உடம்பு கெட்டது. அதையும் சொல்லலாமா?

அதையும் சொல்லத்தான் வேண்டும். களைக்கொல்லி வாளியை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைச் சிறிதளவு விழுங்கினாலும் உயிர்போகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் அது 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அந்த நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்று கண்டறிந்ததும் அறிவியலே. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, வாளியைச் சுமந்தவருக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடித்ததை, நேர்ந்ததை நேர்ந்தபடியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நன்மையும் தீமையும் பிரிக்க முடியாமல் கலந்து வந்ததும் உண்டு. நம் செம்பனைத் தோட்டங்களில் முன்னர் பெண்கள் மகரந்தப் பொடியைப் பெண் பூக்களில் கையால் ஊதி வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் அந்த வேலையை ஒரு சிறு வண்டு செய்கிறது என்று பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் கமரூனில் கண்டறிந்தார். மற்றப் பயிர்களை அது கெடுக்காது என்று சோதித்தறிந்த பின் 1981இல் அவ்வண்டு மலேசியாவில் விடப்பட்டது. குலைகள் நன்றாகக் காய்த்தன. நாட்டுக்குப் பெரும் வருமானம் வந்தது. மகரந்தம் ஊதிய பெண்களின் அந்த வேலை இல்லாமற்போயிற்று. நம் ஊரில் அந்த வேலையைச் செய்த பாட்டி யாரேனும் இருந்தால் தயவுசெய்து அழைத்து வாருங்கள். இந்த இரண்டு பக்கங்களையும் ஒருசேரச் சொல்லத் தகுந்தவர் அவரே.

பிள்ளைகள் என் எண்ணைக் கேட்கிறார்கள். வாட்சப்பில் பேசலாமா?

தனியாகப் பேச வேண்டாம். பெற்றோரும் எங்களில் ஒருவரும் இருக்கும் குழுவிலேயே பேச வேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனித்திருப்பதும், காரில் தனியே ஏற்றிச் செல்வதும், அனுமதியின்றிப் படமெடுத்துப் பகிர்வதும் இங்கே இல்லை. நம் நாட்டில் சிறாருக்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017 முதல் நடப்பிலிருக்கிறது. நல்லெண்ணத்தோடு வருபவர்களுக்கு இவ்விதிகள் கடுமையாகத் தோன்றலாம். மனம் புண்பட வேண்டாம், என்னையும் சேர்த்து எல்லாருக்கும் இவை ஒன்றே.

இப்போது சாட்ஜிபிடியைக் கேட்டால் எல்லாம் சொல்லிவிடுகிறதே. நாங்கள் எதற்கு?

மெட்ரோலாக் எப்படி வேலை செய்கிறது என்று அதைக் கேட்டால் விளக்கும். சில நேரம் தவறாகவும், தயக்கமே இல்லாமல் விளக்கும்; அதையும் பிள்ளைகள் சோதித்துப் பழக வேண்டும். மூன்றாம் விடையில் சொன்ன கொட்டகை வரிசையில் நின்றவர்களை அதற்குத் தெரியாது. பால் வாளியின் பாரத்தால் காய்த்துப்போன உள்ளங்கையை நீட்டி ஒருவர் அடர்த்தியைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரியானவை.

படித்தால் எனக்கு வேலை கிடைக்குமா என்று பிள்ளை கேட்டால்?

கிடைக்கும் என்று உறுதி கொடுக்காதீர்கள். நீங்கள் வந்த வழியைச் சொல்லுங்கள்: எங்கே விண்ணப்பித்தீர்கள், எத்தனை முறை மறுக்கப்பட்டீர்கள், தொழிற்பயிற்சிக் கழகமா, பாலிடெக்னிக்கா, படிவம் 6ஆ, பணத்துக்கு என்ன செய்தீர்கள். பிள்ளைகளுக்கு இந்த விவரங்களைச் சொல்ல வீட்டில் பல நேரம் ஆள் இல்லை. படிவம் 4இல் எந்தப் பாடங்களை எடுப்பது என்று தீர்மானிக்கும் நேரத்தில், கேட்டறிய ஒருவர் இல்லாமலே அறிவியலைக் கைவிட்ட திறமையான பிள்ளைகளை நான் அறிவேன். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒரே ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போவதால் என்ன ஆகிவிடப் போகிறது?

என்ன ஆகும் என்று எல்லா நேரமும் எனக்குத் தெரிவதில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உறிஞ்சுகுழல் மிதவையைச் செய்த மறுவாரம், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அவள் பாட்டியும் பால்மரம் வெட்டியவர். பாட்டி போட்ட தேநீர், சர்க்கரைத் தண்ணீர், சமையல் எண்ணெய், வீட்டுக் குழாய் நீர் என நான்கிலும் மிதவையை விட்டு, ஒவ்வொன்றிலும் குழல் எவ்வளவு இறங்கியது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். எண்ணெயில் மிகவும் ஆழமாக இறங்கியிருந்தது. அந்த வரிக்கு எதிரே, பாட்டி முன்கூட்டியே சரியாகச் சொன்னார் என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள்.